குழல் துடைக்கும் நேரம்

எங்கள் தெருவில் மூக்கு இருந்தால் போதும், கடிகாரம் வேண்டாம். விடிந்தால் ரொட்டி அடுப்பு வாசம். வெயில் ஏறினால் டயர் கடையில் ரப்பர் கருகும் நாற்றம். சாயங்காலம் மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் இன்னும் என்னென்னவோ சேர்ந்த ஒரு நெடி துப்பாக்கி ரிப்பேர் கடையிலிருந்து கிளம்பி என் தையல் மிஷின் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வருஷம் தலையை வலித்தது. அப்புறம் பழகிவிட்டது.

நான் பை தைக்கிறவள். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, கருவி வைக்கிற பை, துப்பாக்கி உறை எல்லாம் தைப்பேன். என் கடைக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த வீட்டு விஷயம் உனக்கெப்படித் தெரியும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ரிப்பேர்காரருக்குத் தெருவில் வைத்த பேர் கண்ணளவு. எதையும் அளந்து ஊற்ற மாட்டார். வேட்டைக்காரர்கள், தோட்டக் காவலுக்கு உரிமம் வாங்கியவர்கள், காவல் வேலை பார்ப்பவர்கள் என்று யார் துப்பாக்கி கொண்டுவந்தாலும், குழலுக்குள் படிந்திருக்கிற கரியையும் ஈயத்தையும் கரைக்க அவர் வீட்டிலேயே ஒரு கலவை போடுவார். பழைய சமையல் எண்ணெய் டின்னில் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். முகம் சுளித்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். சுளிக்காவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். சமையல்காரர் ரசம் ருசி பார்க்கிற மாதிரிதான், என்ன, இதைக் குடிக்க முடியாது.

அவர் மனைவிக்கு நாங்கள் வைத்த பேர் புள்ளி. குறிபார்த்துச் சுடுகிற அட்டையில் இருக்கிற கறுப்புப் புள்ளியை மட்டும்தான் பார்ப்பாள், மற்ற எதுவும் அவள் கண்ணில் படாது என்று கேலி. வீட்டுக்குள் நுழைந்தால் வாசல்படி தடுக்கும், சுடுதளத்தில் படுத்தால் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் சுடக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் கண்ணளவு. பிள்ளை குட்டி இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடக் கொஞ்சம் இடம். அதுதான் வீடு.

கண்ணளவு பேசாத ஆள். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்ல மாட்டார். ஆனால் சாயங்காலம் அவள் பயிற்சி முடித்து வந்ததும், ரைபிளை மேஜையில் கிடத்தி, கம்பியில் துணித்துண்டைச் சுற்றிக் குழலுக்குள் விட்டாரென்றால் வாய் திறந்துகொள்ளும். கை முன்னும் பின்னும் போகப் போக, பேச்சும் வரும். அன்றைக்கு வந்த கிராக்கி என்ன சொன்னான், சின்ன வயசில் எந்த மரத்திலிருந்து விழுந்தார், எல்லாம் அப்போதுதான். அவள் எதிரில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள். சில நாள் சிரிப்புச் சத்தம் கேட்கும். பலகைக்கு இந்தப் பக்கம் நான் மிஷினை மெதுவாக ஓட்டுவேன்.

அந்த வருஷம் ஒரு அரசுத் துறை தன்னுடைய துப்பாக்கி சுடும் அணிக்கு ஆள் எடுத்தது. தேறினால் நிரந்தர வேலை. வயசு வரம்பு புள்ளிக்கு அந்த வருஷத்தோடு சரி. அடுத்த வருஷம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு சங்கடம், அணி இருப்பது வெகுதூரத்தில். போனால் முகாமிலேயே தங்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அங்கே இடமில்லை. கடையை விட்டுவிட்டு அவரும் எங்கே போவார்?

"நீ போ. நான் சமைச்சுக்குவேன்" என்றுதான் கண்ணளவு சொன்னார். என் காதாலேயே கேட்டேன். அவர் சமைத்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொன்ன வரைக்கும் நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நெருங்க நெருங்க அவள் சுடுவது கெட்டுப்போனது. ஓட்டைகளெல்லாம் அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. கூட்டிப் பெருக்காத வீடு மாதிரி இருந்தது அட்டை. மூச்சை மாற்றிப் பார்த்தாள், படுக்கிற சாய்வை மாற்றிப் பார்த்தாள், காப்பியை நிறுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம், வானம் மூடிக்கொண்டு, காற்றே இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வேனில் வந்து இறங்கினார். பெரிய ஊரில் வேட்டைச் சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கிறவர். எதையும் விற்கிற குரலில்தான் பேசுவார். தண்ணீர் கேட்டால்கூட நமக்கு ஒரு டம்ளர் வாங்கிவிடலாமா என்று தோன்றும். நான் அப்போது அந்தக் கடையில்தான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரைபிள் உறையின் ஜிப் பிய்ந்துவிட்டதென்று புள்ளி கெஞ்சியதால், அங்கேயே வைத்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், திடீர்னு?" என்றார் கண்ணளவு.

"தங்கச்சி கூப்பிட்டா. வரக்கூடாதா?"

கண்ணளவு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சுடுறது சரியா வரலைன்னு சொன்னேன். அண்ணனுக்குத்தான் இந்தக் கடைச் சாமானெல்லாம் தெரியுமேன்னு..." என்று இழுத்தாள்.

அண்ணன் பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். பளபளவென்று லேபிள், அதில் மண்டையோடு படம்.

"இதான் மாப்ள சரக்கு. எங்க கடையில பெரிய கைங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க. குழல்ல விட்டு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, துணியைத் தள்ளு. உள்ள குண்டோட செம்பு ஒட்டியிருந்தா துணி நீலமா வரும். இல்லைன்னா வெள்ளையா வரும். பொய்யே சொல்லாது."

"என் கலவை மட்டும் பொய் சொல்லுதா?"

"கோவிச்சுக்காத. அதுல என்னென்ன ஊத்துறேன்னு உனக்கே தெரியுமா? நேத்து ஊத்தினது இன்னிக்கு ஊத்தினதா? கொழகொழன்னு எண்ணெயை ஊத்தி ஊத்தி உள்ளே பிசின் மாதிரி கட்டியிருக்கும். அதான் குண்டு நேராப் போகல."

"இத்தனை வருஷமா நேராத்தானே போச்சு?"

"இத்தனை வருஷமா சேர்ந்திருக்கு, இப்ப காட்டுது. பல்லு மாதிரிதான். ஒரே நாள்லயா சொத்தை விழுது?"

நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னேன். "அப்படின்னா அந்தச் சீசாவைக் கொஞ்சம் எனக்கும் குடுங்க, கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது."

யாரும் சிரிக்கவில்லை. புள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

"நீ சொல்லும்மா" என்றார் அண்ணன். "நாளைக்கு சுடப்போறது நீ. எதை ஊத்தணும்?"

அவள் டின்னைப் பார்த்தாள், சீசாவைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். பெண்பிள்ளையை இப்படி நடுவில் நிற்கவைத்து இழுக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு தடவை இதைப் போட்டுப் பாக்கலாமேங்க" என்றாள், ரொம்ப மெதுவாக.

கண்ணளவு மேஜைப் பக்கம் நகர்ந்தார். சீசாவின் மூடியைத் திறந்தார். கழிவறை கழுவுகிற மருந்து மாதிரி ஒரு காரம் மூக்கில் ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் துணித்துண்டை நனைத்து, கம்பியின் பித்தளை முனையில் மாட்டி, குழலின் பின்பக்கத்திலிருந்து நிதானமாகத் தள்ளினார். ஊற விட்டார். அப்புறம் ஒரு சுத்தமான துணியைத் தள்ளினார். குழல் முனையில் அது எட்டிப் பார்த்ததும் அண்ணன் பாய்ந்து எடுத்தார்.

நீலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மையைக் கொட்டிய மாதிரி நீலம்.

"பாத்தியா? பாத்தியா?" அண்ணன் அந்தத் துணியை என் முகத்துக்கு நேராகவும் ஆட்டினார். "இவ்வளவு செம்பை உள்ள வச்சுக்கிட்டுத்தான் என் தங்கச்சி இத்தனை நாளா சுட்டுக்கிட்டிருந்தா!"

புள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. "தினமும் துடைச்சீங்களேங்க" என்றாள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நம்ப முடியாத தொனிதான் இருந்தது. எனக்கென்னவோ கண்ணளவுக்கு அதுதான் அதிகமாக வலித்திருக்கும் என்று பட்டது.

கண்ணளவு அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் நனைத்தார், மறுபடியும் தள்ளினார். மறுபடியும் நீலம். கம்பியைப் பிடித்தால் பேசுகிற மனுஷன், அன்றைக்குக் கம்பி கையில் இருந்தும் ஊமையாக இருந்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்று மேஜைமேல் சொட்டியது. அவமானத்தில் வாயடைத்துப்போய்விட்டார், பாவம் என்று நினைத்தேன். அண்ணன் மேல் எனக்குக் கோபமாக வந்தது. ஜெயித்தவன் கொஞ்சம் அடங்கி உட்கார வேண்டாமா? அவர் அடங்கவே இல்லை.

"தேய் மாப்ள, தேய். வெள்ளையா வர்ற வரைக்கும் விடாத."

புள்ளி உள்ளே போய் டீ போட்டாள். முட்டையை உடைத்து ஊற்றுகிற சத்தம், வெங்காயம் தீய்கிற வாசம். கவனம் அங்கே இல்லை என்று தெரிந்தது. தீய்ந்த முட்டையை ரொட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். அண்ணன் மட்டும் சாப்பிட்டார். எனக்கும் இறங்கவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. டயர் கடைக்காரர் மழை வரும் என்று சாமான்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் நீலத் துணிகள் குவிந்துகொண்டே போயின.

"இன்னும் வருதே. நாளைக்குள்ள போகுமாண்ணே?" என்றாள். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ராத்திரி பூரா ஊற விட்டுட்டா..."

"ராத்திரி பூரா விட்டா இரும்பையே தின்னுடாதா?" என்று நான் குறுக்கே கேட்டேன். எனக்கு என்ன தெரியும், மண்டையோட்டைப் பார்த்த பயம்தான்.

அவள் கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல், நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய தோட்டாப் பெட்டியைத் திறந்து அடுக்க ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்தாள், வைக்கவில்லை. விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சின்னத் தோட்டா. மேலே மங்கலான சாம்பல் நிறத்தில் குண்டு. நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறல் விழுந்தது.

"அண்ணே" என்றாள். "இது ஈயம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் சுடுறது எல்லாமே ஈயக் குண்டு. மேல செம்பு பூச்சே கிடையாது. அப்புறம் குழலுக்குள்ள செம்பு எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். "முன்ன வச்சிருந்தவன் எவனாவது சுட்டிருப்பான்."

"இது புதுசு. நீதான் உங்க கடையிலேருந்து வாங்கிக் குடுத்தே."

அவர் ரொட்டியைத் தட்டில் போட்டார். அவள் எழுந்து போய்க் கணவர் கையிலிருந்து கம்பியை வாங்கினாள். அதன் பித்தளை முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் மங்கிக் கிடந்த பித்தளை இப்போது புதுசாய்த் தேய்த்த மாதிரி மின்னியது. வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டு, குழலுக்குப் பக்கத்திலேயே போகாமல், அந்த முனையை மட்டும் அழுத்தித் துடைத்தாள். துணியைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

துணி நீலமாகியது.

பித்தளையில் செம்பு இருக்கிறது, அந்த மருந்து அதைக் கரைக்கிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது. இத்தனை நேரமும் குழலிலிருந்து வந்த அழுக்கு இல்லை அது. கம்பியின் முனைதான் கரைந்து கரைந்து வந்திருக்கிறது.

"அடச்சே!" என்று அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடையன். விக்கிறேனே தவிர, என்னிக்குத் துடைச்சேன்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணளவு மேல் பழியில்லை என்று ஆகிவிட்டதே! "பாருங்க தம்பி, உங்க கலவை தப்பிச்சுது" என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புள்ளியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்க்கிற அதே பார்வை, இமைக்காமல்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் நீலத் துணிகளை ஒரு ஓரமாகக் குவித்தார்.

"வேட்டைக்காரங்க துப்பாக்கி எத்தனை துடைச்சிருப்பீங்க. செம்புக் குண்டு எது, ஈயக் குண்டு எது, எதுல நீலம் வரும், எதுல வராது, உங்களுக்குத் தெரியாதா? முதல் துணி வந்தப்பவே தெரியும். அண்ணன் அத்தனை பேச்சுப் பேசுறாரு, வாயைத் திறக்கல. ஏன்?"

"சொன்னா நிறுத்தணும்ல" என்றார் கண்ணளவு.

"எதை?"

"துடைக்கிறதை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கும்தான். ஆனால் அவளுக்கு எங்கேயோ பொறி தட்டிவிட்டது. தோட்டாவைப் பெட்டியில் வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஊருக்குப் போனீங்களே" என்றாள் மெதுவாக. "அந்த வாரம் துடைக்க ஆளில்லை. நானும் சோம்பேறித்தனமா அப்படியே உறைக்குள்ள போட்டு வச்சேன். அந்த வாரம்தான் எல்லாம் ஒரே ஓட்டையா விழுந்துச்சு. நீங்க வந்ததும் அட்டையைக் காட்டினேன். நீங்க இல்லாததால நல்லாத் தூங்கினேன், அதான் இப்படின்னு கேலிகூட பண்ணேன்."

"ஆமா."

"தூக்கம் இல்லை, இல்லையா?"

"இல்லை." அவர் இப்போதுதான் தலையைத் தூக்கினார். "இந்தக் குழலுக்கு உள்ள லேசா அழுக்கு இருந்தாத்தான் குண்டு ஒரே மாதிரி போகும். சுத்தமாத் துடைச்சா, மறுபடி அந்த அழுக்கு படியுற வரைக்கும் அங்கயும் இங்கயும் சிதறும். முந்தி நான் தினமும் எண்ணெயைத் தொட்டு மேலாப்லதான் இழுப்பேன். அட்டையைப் பார்த்த அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. அன்னியிலேருந்து தேய்ச்சேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"நாளைக்கு அங்க பழகிப் பாக்க நாலஞ்சு தோட்டாதான் குடுப்பாங்க. குழல் சுத்தமா இருந்தா, அது சரியாகுறதுக்குள்ள பாதித் தேர்வு முடிஞ்சிடும்."

"தெரியும்."

அண்ணன் தட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "டேய், நீ மனுஷனா..."

"அண்ணே, நீ உக்காரு" என்றாள் அவள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். "இது எங்க சண்டை."

அவர் உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்து போயிருக்க வேண்டும். ஊசி கையில், உறை மடியில், எப்படி எழுந்து போவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் போகவும் மனசில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா நீ போக மாட்டே."

"அப்புறம்?"

"நான் சொல்லி நீ நின்னா, ஆயுசுக்கும் என்னைக் குத்தமாப் பாத்துக்கிட்டே நிப்பே. தானா கிடைக்காமப் போச்சுன்னா, அழுவே. நான் பக்கத்துல இருந்து தேத்தியிருப்பேன்." அவர் உள்ளங்கையை மேஜையில் கிடந்த அழுக்குத் துணியில் துடைத்தார். துடைத்த கை இன்னும் நீலமாகியது. "நீ போயிட்டா சாயங்காலம் நான் யார்கிட்ட பேசுறது? அதைத் தவிர வேற எதையும் நான் யோசிக்கல."

அவர் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. அதே சமயம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் அழவில்லை. காய்ந்த துணிகளை அள்ளினாள். கம்பியில் மாட்டிக் குழலுக்குள் தள்ளினாள். மருந்தின் ஈரம் போக ஒன்று மாற்றி ஒன்று தள்ளினாள். பழக்கமில்லாத கை, கம்பி வளைந்தது. கண்ணளவு கை தானாக முன்னால் வந்தது.

"தொடாதீங்க" என்றாள்.

கை அப்படியே நின்றது.

"அண்ணே, வேனை எடு. இருட்டுறதுக்குள்ள சுடுதளத்துக்குப் போகணும். இதை அழுக்காக்கணும்." பிறகு என்னிடம், "அக்கா, உறை ஆச்சா?"

"ஜிப்பு பாதி நிக்குது. நானும் வர்றேன், வழியில தைக்கிறேன்" என்றேன். ஓடுகிற வேனில் எப்படித் தைக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் ரைபிளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறினேன். கதவை இழுக்கப் போனபோது கண்ணளவும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. வேன் செங்கல் சூளையைத் தாண்டியது. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது.

சுடுதளக் காவலர் பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றார்.

"மூடப் போறேன்மா. மழை வந்துடுச்சு."

"நாளைக்குத் தேர்வுண்ணே. கொஞ்ச நேரம்."

"நாளைக்குத் தேர்வுன்னா இன்னிக்குத் தூங்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான். அப்புறம் நான் விசில் ஊதிடுவேன்."

தகரக் கூரைக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாள். தூரத்தில் அட்டை தபால்தலை மாதிரி தெரிந்தது. அதைப் பார்க்க முக்காலியில் ஒரு தொலைநோக்கி இருக்கும். எப்போதும் கண்ணளவுதான் அதில் கண்ணை வைத்து, குண்டு விழுந்த இடத்தைச் சொல்லுவார். அன்றைக்கு அவர் தூணோரம் நின்றுவிட்டார். அண்ணன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் பிடிபடலையே" என்றார். நான் பார்த்தேன். மழைக் கோடுதான் தெரிந்தது.

அவள் சுட்டாள். தகரத்தில் மழை தடதடத்ததில் வெடிச்சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. மறுபடி சுட்டாள். எங்கே விழுந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இப்படியே போனால் வெளிச்சம் போய்விடும்.

அவள் கன்னத்தை ரைபிளின் மரக்கட்டையிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "எங்க விழுது?"

யாரைக் கேட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணளவு வந்து குனிந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பொய் சொன்னால்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"மேல, வலது" என்றார். "ரொம்ப வெளியே."

சுட்டாள்.

"கீழ."

சுட்டாள்.

"இடது. இதுவும் வெளியே. குறிபார்க்கிற திருகைத் திருத்தாத. திருத்தினா நாளைக்குக் குழம்பும். அப்படியே சுடு."

அவள் திருத்தவில்லை. அவர் சொல்ல, அவள் சுட, பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்லுகிற தூரம் குறைந்தது. "ஓரம்" என்றார். "ஓரம்தான், ஆனா உள்ள." அப்புறம், "முன்ன விழுந்ததுக்குப் பக்கத்துல." அப்புறம் ஒன்றுக்கு அவர் எதுவுமே சொல்லவில்லை.

"எங்க?" என்றாள்.

"அதே ஓட்டை."

மறுபடி சுட்டாள்.

"அதே ஓட்டை" என்றார். குரல் உடைந்திருந்தது. "வந்துடுச்சு. போதும், நிறுத்திடு. இனிமே இதை யாரும் தொடாதீங்க."

காவலர் விசில் ஊதினார். அவள் எழுந்து, ரைபிளை அப்படியே கரியோடு என் உறைக்குள் வைத்தாள். பாதி ஜிப்பை நான் கையால் பிடித்துக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேனில் திரும்பும்போதும் முன்னால்தான் உட்கார்ந்தாள்.

மறுநாள் தேர்வுக்கு அண்ணன்தான் கூட்டிப்போனார். கண்ணளவு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் துப்பாக்கியைத் துடைக்கக் கொடுத்தார், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். வேன் வந்து நின்றதும் எழுந்தார். அவள் இறங்கி என்னிடம் நேராக வந்து, "எடுத்துட்டாங்கக்கா" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகுக்கு மேலாக அவரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. தலையை ஆட்டினார், பலமுறை ஆட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கிளம்புகிற வரைக்கும் அந்த வீட்டில் சாப்பிட வாங்க, விளக்கை அணைக்கவா என்ற அளவில்தான் பேச்சு. சாயங்கால நெடி வரவில்லை. அவர் என்னிடம் வந்து, துடைக்கிற கம்பியும் துணியும் ஒரு சின்ன டப்பாவும் வைக்கிற மாதிரி பை ஒன்று தைத்துத் தரச் சொன்னார். "எதுக்கு தம்பி, இன்னும் ஆசை தீரலையா?" என்று வாயில் வந்துவிட்டது. கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முனை இரும்புல கடைஞ்சிருக்கேன். நீலம் விடாது" என்றார். தைத்துக் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன், ஆனால் தையல் ரெட்டைத் தையலாகப் போட்டேன்.

பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அண்ணன் பெட்டிகளை ஏற்றினார். ரைபிளை அணிக்காரர்கள் முன்பே சட்டப்படி வாங்கிப்போய்விட்டார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணளவு கீழே நின்று அந்தப் பையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பக்கத்தில் பழம் விற்கிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படியோ" என்றார்.

"பாத்துக்குவேன்."

"மழைக்காலம். கம்பளி வச்சியா?"

"வச்சேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமத் தொடங்கியது.

"மாசத்துக்கு ஒரு தடவை நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டார். வண்டிச் சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் கேட்டார். அந்த மனுஷன் கத்தி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையில் இருந்த பையைப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார்.

"வாங்க" என்றாள். "பையை வச்சுட்டு, கையை வீசிக்கிட்டு வாங்க."